மல்லாட்டைக் குவியலில் போய் நின்ற டிரக்: ஒரு பிரேக் கோளாறின் நிகழ்வு ஆய்வு

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் அக்கா மகன், ரிமோட்டில் ஓட்டும் தன் சின்ன நைட்ரோ டிரக்கைத் தூக்கிக்கொண்டு காட்பாடியில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தான். முன் பம்பர் ஒருபக்கமாக வளைந்திருந்தது. சக்கரங்களின் உட்பக்கத்தில் எல்லாம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைத் தோல். கே.வி.குப்பம் பக்கம் அவன் அப்பா ஊரில், களத்தை ஒட்டிய மண்பாதையில் ஓட்டியிருக்கிறான். பிரேக் பிடித்தும் நிற்காமல் போய், காயப்போட்டிருந்த குவியலுக்குள் புகுந்துவிட்டது. காவலுக்கு உட்கார்ந்திருந்த பாட்டி, "இன்னாடா இது, நிறுத்தத் தெரியாத வண்டிய எதுக்குடா ஓட்றீங்க?" என்று கேட்டாராம். கேட்டதில் தப்பே இல்லை. அந்த இடத்தில் குழந்தை ஏதாவது உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

"பிரேக் புடிக்கவே மாட்டேங்குது மாமா. நானும் எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன்" என்றான். அந்த 'எல்லாம்' என்ன என்பதுதான் இந்த ஆய்வில் பாதி.

நான் டூவீலர் மெக்கானிக். இந்தச் சின்ன வண்டிகள் என் தொழில் இல்லை. ஆனால் மூன்று நான்கு வருஷமாக இவனும் இவன் கூட்டாளிகளும் கொண்டுவந்து போடுவதால் கை பழகிவிட்டது. இந்த வண்டியைச் சரிசெய்ய ஐந்து வாரம் ஆனது. அதில் மூன்று வாரம் தபாலில் பேட் வருவதற்காகக் காத்திருந்ததிலேயே போய்விட்டது. செய்த வேலையையும் ஒவ்வொரு வேலைக்கும் அப்புறம் எடுத்த அளவையும் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

வண்டியும் அதன் பிரேக்கும்

எட்டில் ஒரு பங்கு அளவு மான்ஸ்டர் டிரக், நான்கு சக்கரத்துக்கும் இழுவை. 4.6 சி.சி. டூ ஸ்ட்ரோக் இன்ஜின். டாங்க் நிரப்பினால் ஏறத்தாழ 5 கிலோ. மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் கலந்த எரிபொருளில் ஓடும். ஸ்பார்க் பிளக் கிடையாது. க்ளோ பிளக் ஒரு தடவை சூடாகிவிட்டால் அப்புறம் எரிப்பின் சூட்டிலேயே தன்னால் கனன்றுகொண்டிருக்கும்.

கிளட்ச், நம் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் இருக்கும் அதே வகைதான். இன்ஜின் வேகம் ஏறினால் ஷூ விரிந்து, அதைச் சுற்றியிருக்கும் பெல் என்ற கிண்ணத்தைப் பிடிக்கும், வேகம் குறைந்தால் ஸ்பிரிங் அதை உள்ளே இழுத்துவிடும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பிரேக் என்று பார்த்தால் நான்கு சக்கரத்திலும் ஒன்றும் கிடையாது. கியர் பெட்டியிலிருந்து வெளியே வரும் ஷாஃப்டில் ஒரே ஒரு எஃகு டிஸ்க், சுமார் 30 மி.மீ. விட்டம். அதற்கு இருபக்கமும் ஒவ்வொரு பேட். நடுவில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவிய சின்ன கேம் முள். அதைத் திருப்பினால் பேட் இரண்டும் டிஸ்க்கை நெருக்கும். அந்த நெருக்கம் ஷாஃப்ட் வழியாக முன்னும் பின்னும் போய் நான்கு டயரையும் பிடிக்கும்.

கேமைத் திருப்புவது ஒரு சர்வோ, ரிமோட் சொல்கிறபடி ஒரு சின்னக் கையைத் திருப்பும் மோட்டார். அதே சர்வோதான் கார்புரேட்டரையும் திறக்கிறது. ஹார்ன் என்கிற அந்தக் கை ஒரு பக்கம் திரும்பினால் ஆக்ஸிலேட்டர், மறுபக்கம் திரும்பினால் பிரேக். ஒரே ஆளுக்கு இரண்டு வேலை. வம்பு பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அவன் செய்திருந்த 'எல்லாம்'

ரிமோட்டில் பிரேக் பக்கத்து எண்ட் பாயிண்டை, அதாவது சர்வோ அந்தப் பக்கம் எவ்வளவு தூரம் திரும்பலாம் என்ற அளவை, 100-லிருந்து 120-க்கு ஏற்றியிருந்தான். கேமுக்குப் போகும் ராடில் உள்ள காலரை (நகர்த்தி இறுக்கும் சின்ன வளையம்) நகர்த்தி, பிரேக்கை முன்கூட்டியே உரசும்படி டைட் வைத்திருந்தான். டிஸ்க்கைத் துடைத்தும் இருந்தான். எதைக்கொண்டு துடைத்தாய் என்று கேட்டேன். "வண்டி ஃபியூயல்லதான் மாமா, அதுவும் ஸ்பிரிட் மாதிரிதானே" என்றான்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அந்த எரிபொருளில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு எண்ணெய். மெத்தனால் ஆவியாகிப் போய்விடும், எண்ணெய் டிஸ்க்கிலேயே தங்கிவிடும். பிரேக்கைச் சுத்தம் செய்வதாக நினைத்து, வாரம் தவறாமல் அதற்கு எண்ணெய் தேய்த்து விட்டிருக்கிறான்.

கோபம் வந்ததற்குக் காரணம் வேறு. வெறும் கையால் துணியில் நனைத்துத் துடைத்திருக்கிறான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற சாராயத்தில் இருந்தது இதே மெத்தனால்தான். குடித்தால் மட்டும் இல்லை, தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். பகல் வெளிச்சத்தில் அது எரிந்தால் சுடர் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அன்றைக்கே ஒரு டஜன் நைட்ரைல் கையுறை வாங்கிக் கொடுத்து, எரிபொருள் டப்பாவை வீட்டுப் பரணிலிருந்து இறக்கி, பட்டறையில் பூட்டு போட்ட அலமாரிக்குக் கொண்டுவந்தேன். வண்டி வேலை அதற்கு அப்புறம்தான்.

முதல் அளவு

"பிரேக் புடிக்கல" என்பதை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று தெரிந்தால்தான், செய்த வேலை உதவியதா இல்லையா என்று சொல்ல முடியும். பட்டறையிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு ஏரி. பங்குனி தாண்டிவிட்டால் அதன் தரை காய்ந்து கெட்டியாகிவிடும். பாலாற்று மணல் இதற்கு உதவாது, சக்கரம் புதைந்து வண்டி தானாகவே நின்றுவிடும்.

தரையில் 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு செங்கல் வைத்தோம். இரண்டாவது செங்கல் பக்கத்தில் சுண்ணாம்புக் கோடு. பக்கவாட்டில் செல்போனை நிறுத்தி வீடியோ எடுத்தோம். நொடிக்கு 30 படம் எடுக்கும் வீடியோவில், முதல் செங்கலுக்கும் இரண்டாவது செங்கலுக்கும் நடுவில் 27 படம் வந்தால் 0.9 நொடி, அதாவது மணிக்கு 40 கி.மீ. அதற்குக் கூடவோ குறையவோ வந்த ஓட்டங்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. கோட்டைத் தொட்டதும் பிரேக். வண்டி நின்ற இடம்வரை டேப் பிடித்து அளந்தோம்.

விரல் பத்தில் ஒரு நொடி தாமதித்தாலே ஒரு மீட்டருக்கு மேல் கூடிவிடும். அதனால் ஒவ்வொரு தடவையும் ஐந்து நல்ல ஓட்டம் எடுத்து சராசரி போட்டோம்.

முதல் நாள் சராசரி 29 மீட்டர். இது பிரேக்கே இல்லை. ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டுச் சும்மா உருளவிட்டாலும் இதைவிட ரொம்ப தூரம் ஒன்றும் போயிருக்காது. கெட்டியான மண்ணில் இந்த டயர்களுக்கு 11, 12 மீட்டரில் நிற்க முடியவேண்டும் என்று ஒரு குத்துமதிப்பு வைத்துக்கொண்டேன். டயர் தரையைப் பிடிக்கும் அளவுக்கு மேல் எந்த பிரேக்காலும் ஒன்றும் செய்ய முடியாது.

டிஸ்க்கும் பேட்டும்

முதலில் கண்ணுக்குத் தெரிந்ததைக் கையில் எடுத்தோம். டிஸ்க் பழுப்பாக, விரலில் ஒட்டுகிற மாதிரி இருந்தது. பேட் இரண்டும் எண்ணெய் குடித்துக் கறுத்து, மேல்பக்கம் கண்ணாடி போல மினுங்கின. டிஸ்க்குக்கு நேர் மேலே சைலன்சரை இன்ஜினோடு சேர்க்கும் சிலிகான் இணைப்பு. அதன் கட்டு ஒருபக்கம் இளகி, புகையோடு எண்ணெயும் பொட்டுப் பொட்டாகக் கீழே விழுந்துகொண்டிருந்தது. துடைத்தது போதாதென்று மேலிருந்து வேறு சொட்டு.

இணைப்பை மாற்றிப் புதுக் கட்டு போட்டோம். சைலன்சர் நுனியில் ஒரு சிலிகான் குழாயை மாட்டி, புகையை வண்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டோம். டிஸ்க்கை பிரேக் கிளீனர் ஸ்பிரேயால் கழுவி, 400-ஆம் நம்பர் உப்புத்தாளால் வட்டமாக இல்லாமல் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்தோம். பேட்டையும் அப்படியே. ஆனால் எண்ணெய் ஊறிய பேட்டை எவ்வளவு தேய்த்தாலும் சூடேறியதும் உள்ளிருக்கும் எண்ணெய் வெளியே வந்துவிடும். புது பேட்டுக்கு ஆர்டர் போட்டோம்.

பேட் வரும்வரை சும்மா இருக்க அவனால் முடியவில்லை. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் என் சிநேகிதர் ஒருவர், அடிப்பாகத்துக்குப் போடும் கெட்டித் தோலில் இரண்டு துண்டு கொடுத்தார். "பழைய காலத்துல மாட்டு வண்டிக்கே தோல் பிரேக்குதான்" என்று அவர் சொன்னதை நான் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பேட் அளவுக்கு வெட்டி மாட்டினோம். முதல் மூன்று ஓட்டம் பிரமாதம், 20 மீட்டரில் நின்றது. நான்காவது ஓட்டத்தில் முடி கருகும் நாற்றம். கழற்றிப் பார்த்தால் தோல் சுருங்கி, ஓரம் கரிந்து, டிஸ்க்கில் கறுப்பாக அப்பியிருந்தது.

அது ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். 5 கிலோ வண்டி 40 கி.மீ. வேகத்தில் வைத்திருக்கும் ஆற்றல் சுமார் 300 ஜூல். டிஸ்க்கின் எடை 8 கிராம்தான். அந்த ஆற்றல் முழுவதும் டிஸ்க்குக்குள் போனால் ஒரே நிறுத்தத்தில் 70 டிகிரிக்கு மேல் சூடு ஏறும். கொஞ்சம் பேட்டுக்கும் காற்றுக்கும் போகிறது என்றாலும், அடுத்தடுத்து நான்கு தடவை நிறுத்தினால் தோல் தாங்காது. அதுவும் கத்திரி வெயிலில்.

இன்னொரு யோசனை, நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிக்கு பிரேக் லைனர் அடிக்கும் கடையில் பழைய லைனரை வாங்கி அரத்தில் ராவிக்கொள்ளலாம் என்பது. அதை நான் விடவில்லை. பழைய லைனரில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், அந்தத் தூசு நெஞ்சுக்குள் போனால் திரும்ப எடுக்க முடியாது. கடைக்கார அண்ணனே, "எண்ணெய் குடிச்ச லைனர நாங்க லாரிக்கே திருப்பி போட மாட்டோம், தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குப்பா" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

புது பேட் வந்தது. போட்டு, பத்துத் தடவை மெதுவாக நிறுத்தி நிறுத்திப் பழக்கினோம். அளவு 24 மீட்டர். ஐந்து மீட்டர் குறைந்தது. அவனுக்கு சந்தோஷம். புது பேட், சுத்தமான டிஸ்க், எண்ணெய்ச் சொட்டும் இல்லை, அப்படியும் 24 என்றால் கோளாறு பிரேக்கிலேயே இல்லையோ என்று எனக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது.

சர்வோவின் முனகல்

இன்ஜினை அணைத்துவிட்டு, ரிமோட்டில் பிரேக்கை முழுசாக இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். பின் சக்கரத்தைக் கையால் திருப்பினேன். கஷ்டப்பட்டு, ஆனால் திரும்பியது. சர்வோ 'ஙொய்' என்று முனகிக்கொண்டே இருந்தது. சர்வோ தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் சத்தம் அடங்கிவிடும். முனகுகிறது என்றால் போகவேண்டிய இடத்துக்குப் போகமுடியாமல் எதையோ தள்ளிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அவன், "பிரேக்க தள்ளுது மாமா, வேற எத தள்ளும்?" என்றான்.

கார்புரேட்டருக்குப் போகும் ராடைக் கழற்றிவிட்டேன். வேறு எதையும் தொடவில்லை. மறுபடியும் பிரேக் பிடிக்கச் சொல்லிச் சக்கரத்தைத் திருப்பினேன். அசையவில்லை. டிஸ்க் இறுகி நின்றது. முனகல் பாதியாகக் குறைந்துவிட்டது.

இதுதான் இந்தக் கோளாறின் முடிச்சு, கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். ஹார்ன் பிரேக் பக்கம் திரும்பும்போது கார்புரேட்டர் ராடும் கூடவே பின்னால் நகரும். ஆனால் கார்புரேட்டரில் காற்று போகும் வழியை மூடித் திறக்கும் கதவு, அதாவது வாயில், ஐட்லிங் ஸ்க்ரூவில் (சும்மா ஓடும்போதைய வேகத்தை வைக்கும் திருகு) முட்டி நின்றுவிடும், அதற்கு மேல் மூடாது. அதனால்தான் அந்த ராடின் நுனியில் ஒரு மெல்லிய ஸ்பிரிங்கும் காலரும் வைத்திருக்கிறார்கள். வாயில் நின்ற பிறகும் ஹார்ன் தொடர்ந்து திரும்பலாம், ஸ்பிரிங் அமுங்கி இடம் கொடுக்கும்.

இவன் வண்டியில் அந்த ஸ்பிரிங் எப்போதோ தெறித்து விழுந்திருக்கிறது. அந்த இடத்தில் பால்பாயிண்ட் பேனா ஸ்பிரிங் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக. காலரையும் நெருக்கி வைத்திருந்தான். பிரேக் முழுசாகப் பிடிக்க ஹார்ன் 5 மி.மீ. நகரவேண்டும். அந்த இரட்டை ஸ்பிரிங் 3 மி.மீ. அமுங்கியதும் சுருள் சுருளோடு முட்டி, இரும்புக் கம்பி மாதிரி ஆகிவிட்டது. அதற்கு மேல் சர்வோவின் பலம் முழுக்க ஐட்லிங் ஸ்க்ரூவைத் தள்ளுவதில் போய்விட்டது. பிரேக் கேமுக்குக் கிடைத்தது மிச்சம் மீதி. எண்ட் பாயிண்டை 120-க்கு ஏற்றியதால் அந்த ஸ்க்ரூவை இன்னும் பலமாக முட்டியதைத் தவிர வேறு பிரயோஜனம் இல்லை.

பேனா ஸ்பிரிங்கைப் பார்த்ததும் அவனே தலையில் கை வைத்துக்கொண்டான். "ஹாஸ்டல்ல அன்னிக்கு வேற ஒண்ணும் கெடைக்கல மாமா." திட்டவில்லை. பதினெட்டு வயதில் நானும் மொபெட்டின் ஆக்ஸிலேட்டருக்கு சைக்கிள் பிரேக் வயர் போட்டு ஓட்டியவன்தான்.

மெல்லிய ஸ்பிரிங் ஒன்றைப் போட்டு, முழு பிரேக்கிலும் 1 மி.மீ. மிச்சம் இருக்கும்படி காலரை வைத்தோம். அதோடு கார்புரேட்டரின் கையில் சின்ன ரப்பர் பேண்ட் ஒன்றை மாட்டி, ராடு கழன்றாலும் வாயில் தானாக மூடிக்கொள்ளும்படி செய்தோம். ஐட்லிங்கில் வாயிலின் திறப்பு ஒரு மி.மீ.க்குள். பிரேக் விடுபட்ட நிலையில் பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்து வரவேண்டும். முன்பு அவன் டைட் வைத்திருந்ததில் டிஸ்க் எப்போதும் உரசிக்கொண்டே ஓடி, பிரேக் பிடிப்பதற்கு முன்பே சூடாகிக்கொண்டிருந்தது.

இதை முடிப்பதற்குள் இன்னொரு சின்ன விஷயமும் மாட்டியது. பிரேக் பிடித்தபடி, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் பக்கம் மல்டிமீட்டர் வைத்தால் 4.3 வோல்ட்தான் காட்டியது. நான்கு புது செல் போட்ட பெட்டியில் 6 வோல்ட் இருக்கவேண்டும். பெட்டியின் சுருள் முனையில் பச்சையாகக் களிம்பு. பழைய செல் ஒன்று கசிந்து அரித்திருக்கிறது. சர்வோவுக்கு வோல்ட் குறைந்தால் பலமும் குறையும், ரொம்பக் குறைந்தால் ரிசீவரே ஒரு கணம் செத்து எழுந்துவிடும். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஐந்து செல் சேர்த்து ஒட்டிய ரீசார்ஜ் பேக் ஒன்றை மாட்டினோம்.

பேட்டரி பேக் மட்டும் மாற்றியபோது 22 மீட்டர். ஸ்பிரிங்கும் காலரும் சரியானதும் 16.

பிரேக்கோடு மல்லுக்கட்டும் இன்ஜின்

16 போதும் என்று அவன் சொன்னான். நானும் ஏறக்குறைய ஒப்புக்கொண்டிருப்பேன். ஆனால் வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தபோது சத்தத்தில் ஒன்று கவனித்தேன். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் சத்தம் உடனே இறங்கவில்லை. ஒரு நொடிக்கு மேல் அப்படியே நின்று, அப்புறம்தான் தாழ்ந்தது. அந்த ஒரு நொடியில் வண்டி 10 மீட்டர் போயிருக்கும்.

வண்டியை ஒரு மரக்கட்டை மேல் ஏற்றி, நான்கு சக்கரமும் காற்றில் இருக்க ஐட்லிங்கில் ஓடவிட்டோம். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றக்கூடாது. மொபெட்டில் ஐட்லிங்கை ஏற்றி வைத்துவிட்டு ஸ்டாண்ட் போட்டால் பின் சக்கரம் சுற்றும், பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். பிரேக் ஒருபக்கம் நிறுத்தப் பார்க்கிறது, அரைகுறையாகப் பிடித்த கிளட்ச் வழியாக இன்ஜின் மறுபக்கம் தள்ளுகிறது.

இதற்கு மூன்று காரணம் சேர்ந்திருந்தது. ஐட்லிங் ஸ்க்ரூ நிறையவே உள்ளே இருந்தது. வண்டி அணைந்து அணைந்து போகிறது என்று அவன்தான் ஏற்றி வைத்திருந்தான். அணைந்ததற்கு நிஜக் காரணம் இரண்டாவது: குறைந்த வேகத்தில் எரிபொருளை அளந்து விடும் தாழ்வேக ஊசி லீனாக, அதாவது காற்றுக்கு எரிபொருள் போதாதபடி, இருந்தது. எரிபொருள் குழாயை விரலால் நசுக்கிப் பார்த்தால், சரியாக இருக்கும் இன்ஜின் இரண்டு மூன்று நொடி ஓடி, லேசாக வேகம் ஏறி, அப்புறம் அணையும். இது நசுக்கின உடனே அணைந்தது.

ஜனவரியில் ஏலகிரிக்குச் சுற்றுலா போனபோது அங்கேயே ஊசியைத் திருகி வைத்தானாம். ஏலகிரி ஆயிரம் மீட்டருக்கும் மேல், காற்று மெலிசு, எரிபொருளைக் குறைத்தால்தான் அங்கே நன்றாக ஓடும். கீழே வேலூர் சமவெளிக்கு வந்ததும் காற்று கெட்டி, அதே திருகல் லீனாகிவிடும். வெயில் காற்றைக் கொஞ்சம் மெலிதாக்குவதால் வித்தியாசம் முழுசாகத் தெரியாது, ஆனால் இருக்கும். எல்லாப் பழியையும் மலைமேல் போடவும் முடியாது. கார்புரேட்டர் கழுத்தில் இருக்கும் ஓ ரிங் (ரப்பர் வளையம்) தட்டையாகி, அந்த வழியாகவும் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது.

மூன்றாவது கிளட்ச். பிரித்தபோது ஒரு ஷூவின் ஸ்பிரிங் சூட்டில் தளர்ந்து, மற்றவற்றைவிட அகலமாகத் திறந்திருந்தது. பெல்லின் உள்ளே இருக்கும் 5×10×4 மி.மீ. பேரிங்கை விரலில் வைத்துச் சுற்றினால் கரகரவென்று மண். ஆற்றுமணலில் ஓட்டியதன் பலன். அந்த பேரிங் இறுகினால் ஷூ சுருங்கிவிட்ட பிறகும் பெல் கூடவே சுற்றும்.

பேரிங், ஸ்பிரிங் செட், ஓ ரிங் மூன்றையும் மாற்றினோம். தாழ்வேக ஊசியை எட்டில் ஒரு சுற்றாகத் திறந்து திறந்து பார்த்தோம். இன்ஜின் சூடு சரியா என்று பார்க்க, அதன் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டோம். உடனே தெறித்து மறைந்தால் சூடு அதிகம், சும்மா கிடந்தால் குறைவு, மூன்று நான்கு நொடி கொதித்துப் போனால் சரி. கடைசியாக ஐட்லிங் ஸ்க்ரூவை, சக்கரம் நிற்கும்வரை வெளியே எடுத்தோம். இந்த வரிசை மாறக்கூடாது. ஊசியைச் சரிசெய்யாமல் ஐட்லிங்கை மட்டும் இறக்கினால் வண்டி மறுபடியும் அணையும், அவன் மறுபடியும் ஏற்றிவிடுவான்.

அன்று மாலை ஏரியில் 12 மீட்டர்.

பெரிய சர்வோ

நடுவில் அவன் 15 கிலோ பலமுள்ள மெட்டல் கியர் சர்வோ வாங்கவேண்டும் என்று இரண்டு வாரம் என்னை நச்சரித்தான். பிரேக் பலவீனமாக இருந்தால் எல்லாரும் முதலில் சொல்லும் யோசனை அதுதான். அதை முதலிலேயே வாங்கிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பேனா ஸ்பிரிங் முட்டிய பிறகு அந்த 15 கிலோவும் கார்புரேட்டரின் கையை வளைத்திருக்கும். களிம்பு பிடித்த பேட்டரிப் பெட்டி அது கேட்கும் மின்சாரத்தைக் கொடுக்க முடியாமல் ரிசீவரை அணைத்திருக்கும். கோளாறு ஒன்று போய் மூன்றாகியிருக்கும்.

பழைய சர்வோவே போதும் என்று காட்ட ஒரே ஒரு வேலை செய்தேன். அது 3 கிலோ-சென்டிமீட்டர் சர்வோ. பிரேக் ராடு ஹார்னின் மையத்திலிருந்து 15 மி.மீ. தள்ளியிருந்த ஓட்டையில் மாட்டியிருந்தது. அப்படியானால் ராடைத் தள்ளும் பலம் 2 கிலோ. அதை 11 மி.மீ. ஓட்டைக்கு மாற்றினால் 2.7 கிலோ. காசு செலவில்லாமல் மூன்றில் ஒரு பங்கு பலம் கூடுதல். பதிலுக்கு ராடு நகரும் தூரம் குறையும். பேட் இடைவெளி சரியாக இருந்ததால் அந்தத் தூரத்துக்குக் குறைவில்லை. விசிட்டிங் கார்டு அளவுக்கு மேல் இடைவெளி விட்டிருந்தால் இது உதவியிருக்காது.

மாற்றி ஓட்டிய முதல் தடவையே நான்கு சக்கரமும் பூட்டிக்கொண்டு, வண்டி குறுக்கே திரும்பி 13 மீட்டரில் நின்றது. அதாவது பிரேக் பலமானதால் நிற்கும் தூரம் கூடிவிட்டது. சறுக்கும் டயர் உருளும் டயரைவிடக் குறைவாகத்தான் பிடிக்கும், ஸ்டீரிங்கும் வேலை செய்யாது. எண்ட் பாயிண்டை 120-லிருந்து 80-க்கு இறக்கினோம். சக்கரம் பூட்டுவதற்குச் சற்று முன்னால் நிற்கும் அளவு அதுதான். சராசரி 11.5 மீட்டர். சர்வோ பேச்சை அதற்கு அப்புறம் அவன் எடுக்கவில்லை.

இந்த எண்களை வைத்துக்கொண்டு, லிங்கேஜுக்கு (சர்வோவின் ராடு, ஸ்பிரிங், காலர்) 6 மீட்டர், கிளட்சுக்கு 4 மீட்டர் என்று யாரும் கணக்குச் சொல்லவேண்டாம். முதலில் கிளட்சைச் சரிசெய்திருந்தால் அதன் பங்கு வேறாகத் தெரிந்திருக்கும். நாங்கள் செய்த வரிசையில் எங்களுக்கு வந்த எண்கள் இவை, அவ்வளவுதான்.

ஃபெயில் சேஃப்

இது நான் கேட்காமல் விட்டிருந்தால் தெரியாமலே போயிருக்கும். ரிமோட் சிக்னல் அறுந்தால் வண்டி என்ன செய்யும் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. கட்டை மேல் ஏற்றி, கால்வாசி ஆக்ஸிலேட்டரில் வைத்து, ரிமோட்டை அணைத்துப் பார்த்தோம். வண்டி அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 5 கிலோ எடை, 40 கி.மீ. வேகம், பிடிக்க ஆளில்லை. சைலன்சர் வாயைத் துணியால் அடைத்துத்தான் நிறுத்தினேன்.

சிக்னல் அறுந்தால் சர்வோ தானாக எந்த நிலைக்குப் போகவேண்டும் என்று ரிசீவரில் பதிந்து வைப்பதுதான் ஃபெயில் சேஃப். அதை பிரேக் பாதி பிடித்த நிலையில் பதிந்து வைத்தோம். முழுசாக வைத்தால் சிக்னல் ஒரு கணம் விட்டு வரும்போதெல்லாம் வண்டி குட்டிக்கரணம் அடிக்கும். இப்போது ஒவ்வொரு தடவையும் வண்டியை இறக்குவதற்கு முன்னால், கட்டை மேல் வைத்து ரிமோட்டை அணைத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அவன் மறந்தால் அவன் கூட்டாளிகள் ஞாபகப்படுத்துகிறார்கள்.

மூன்று மாதம் கழித்து

ஆடி மாதக் கடைசியில் வண்டியைத் திரும்பப் பார்த்தேன். இடையில் பதினான்கு பதினைந்து டாங்க் ஓட்டியிருப்பான். மழை ஒன்றிரண்டு பெய்து ஏரித்தரை இளகியிருந்ததால் பழைய அளவோடு ஒப்பிடமுடியவில்லை. காய்ந்திருந்த கரையோரத்தில் எடுத்த மூன்று ஓட்டத்தில் 12-க்கும் 13-க்கும் நடுவில் வந்தது. டிஸ்க்கில் எண்ணெய் இல்லை. புது பேட் 1.5 மி.மீ.யிலிருந்து 1.1-க்குத் தேய்ந்திருந்தது. கேம் முள்ளின் தட்டைப் பக்கத்தில் லேசாக ஒரு பள்ளம் விழ ஆரம்பித்திருக்கிறது. அதனால் பிரேக் விடும்போது ஒரு 'டிக்' சத்தம். அந்த முள் தனியாகக் கிடைக்கவில்லை, செட்டாகத்தான் விற்கிறார்கள். இரும்புக் கடையில் நல்ல எஃகுக் கம்பி வாங்கி, லேத்தில் கொடுத்து ஒன்று சீவி எடுக்கலாம் என்று இருக்கிறேன்.

களத்துக்குப் போய்ப் பாட்டியிடம் வண்டியை நிறுத்திக் காட்டினானாம். அவர் வண்டியைப் பார்க்கவே இல்லை. போன தடவை சக்கரத்தில் நசுங்கிய மல்லாட்டைக்கு அரைப்படி பாக்கி இருக்கிறது என்றுதான் சொன்னாராம்.